ஒட்டு என்ன கெட்ட வார்த்தையா?

கிடார் வாங்கப் போகிற பையனும், பெண்ணுக்கு வீணை வாங்கப் போகிற அப்பாவும் திருச்சியில் ஒரே விஷயத்தில்தான் ஏமாறுகிறார்கள். இரண்டு பேருமே கடைக்குள் நுழையும்போதே, "ஒட்டு இல்லாததா பாத்துக் குடுங்க" என்கிறார்கள். கடைக்காரருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? உள்ளே போய், விலை ஜாஸ்தியானதை எடுத்துக்கொண்டு வருகிறார்.

பையன் கேட்பது 'நெக்-த்ரூ' எலெக்ட்ரிக் கிடார். எங்கேயோ வீடியோ பார்த்துவிட்டு வந்திருக்கிறான். கழுத்துக் கட்டை அப்படியே உடம்பின் கடைசி வரை ஓடினால்தான் கார்வை நீண்டு நிற்குமாம். ஸ்க்ரூ போட்டு முடுக்கியதெல்லாம் மட்டமாம். அப்பா கேட்பது ஏகாந்த வீணை. குடம், தண்டி, யாளி எல்லாம் ஒரே பலா மரத்தில் குடைந்தது. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் அது ஒட்டு வீணை. 'ஒட்டு' என்று சொல்லும்போதே முகத்தை ஒரு மாதிரி சுளித்துக்கொள்கிறார்கள். ஏதோ பெண் வீட்டில் விசாரிக்கும்போது, "அந்தக் குடும்பத்துல ஒரு சின்ன விஷயம் இருக்கு சார்" என்று ரகசியம் சொல்வது போல.

இந்த முகச்சுளிப்பின் மேல்தான் எனக்குக் கோபம்.

முதலில் ஏகாந்தம் என்கிற வார்த்தையை ஒரு பிடி பிடித்துவிடுவோம். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு 'வீணை ஏகாந்தம்' என்றால் வேறு அர்த்தம். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய இராப்பத்து நாட்களில், ஆயிரங்கால் மண்டபத்திலிருந்து நம்பெருமாள் இரவு மூலஸ்தானம் திரும்பும்போது, பரம்பரையாக அந்தக் கைங்கர்யம் செய்கிறவர்கள் அவர் முன் வீணை வாசிப்பார்கள். நாள் முழுக்கக் கூட்டத்தைப் பார்த்துக் களைத்தவரைத் தூங்க அனுப்புகிற வாசிப்பு. அந்த ஏகாந்தம் தனிமை. தஞ்சாவூரில் வீணைக்குச் சொல்கிற ஏகாந்தம், 'ஏக கண்டம்' அதாவது ஒரே துண்டு என்பது வாய் வழக்கில் மருவியதாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். மரத்துக்குச் சொன்ன பெயர், கோயில் வாசனை பிடித்துக்கொண்டு, தெய்வீகம் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒரே துண்டு என்று சொல்லியிருந்தால் இந்த விலை வந்திருக்குமா? ஏகாந்தம் என்றதும் பர்ஸ் தானாகத் திறக்கிறது.

நான் பி.காம். படித்தவன். எனக்கு மரம் தெரியாது, நாதம் தெரியாது என்று சொல்ல வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்த விவகாரத்தில் உலகத்தையே மாற்றியவர் ஒரு கணக்குப் பிள்ளைதான். லியோ ஃபெண்டர். 1909-ல் பிறந்த அமெரிக்கர். கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் ஜூனியர் காலேஜில் அக்கவுண்டிங் படித்து, கணக்கு எழுதிப் பிழைத்து, வேலை போன பிறகு 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர். கடைசி வரை கிடார் வாசிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. அவர்தான் 1950-ல் கட்டைக் கிடாரைத் தொழிற்சாலைச் சரக்காக ஆக்கினார். உடம்பு ஒரு பலகை. கழுத்து ஒரு பலகை. உடம்பில் ஒரு பள்ளம், அதில் கழுத்தின் அடிப்பாகத்தை உட்கார வைத்துப் பின்னால் ஓர் இரும்புத் தகடு, நாலு ஸ்க்ரூ. முடிந்தது. 'போல்ட்-ஆன்' என்று சொல்கிறார்களே, அதில் போல்ட்டே கிடையாது. சாதா மர ஸ்க்ரூதான்.

ரேடியோ ரிப்பேர் பார்த்த ஆளுக்கு ஒன்று தெரியும். எந்தப் பொருளும் ஒரு நாள் மேஜைக்குத் திரும்பி வரும். வரும்போது கழற்ற முடிய வேண்டும். கழுத்து வளைந்துபோச்சா, மெட்டு தேய்ந்துபோச்சா? நாலு ஸ்க்ரூவைக் கழற்று, வேறு கழுத்தை மாட்டு, அடுத்த கச்சேரிக்கு ஓடு. அந்த வேலைக்குப் பெரிய ஆசாரி வேண்டாம்.

அந்தக் காலத்து கிடார் செய்கிறவர்கள் சிரித்தார்களாம். கிப்சன் கம்பெனி 1952-ல் லெஸ் பால் கிடாரைக் கொண்டுவந்தபோது பழைய வழக்கப்படி கழுத்தைப் பசை போட்டு ஒட்டியது. 1957-ல் ரிக்கன்பேக்கர் கம்பெனி தன் பேஸ் கிடாரில் கழுத்துக் கட்டையை உடம்பு வழியாகவே ஓட விட்டது. அதுதான் நம்ம பையன் கேட்கிற நெக்-த்ரூ. ஆக மூன்று ஜாதி. ஸ்க்ரூ ஜாதி, பசை ஜாதி, ஒரே கட்டை ஜாதி. ஜாதி என்று வந்துவிட்டால் உயர்வு தாழ்வு வராமல் இருக்குமா? கலப்பே இல்லாதது மேலே, பசை நடுவில், ஸ்க்ரூ கீழே. நம் ஊரில் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, உடனே புரிந்துவிடும்.

சரி, ஒரே கட்டை என்றால் கார்வை நீளுமா? 2007-ல் 'அமெரிக்கன் லூதரி' என்கிற, கருவி செய்கிறவர்களுக்கான பத்திரிகையில் ஆர்.எம். மொட்டோலா என்பவர் இதைச் சோதித்து எழுதினார். மூன்று வகை இணைப்பையும் அளந்து பார்த்தார். கருவியில் அளந்தபோது கார்வை ஒரு பிடி அதிகமாக இருந்தது எதற்குத் தெரியுமா? ஸ்க்ரூ போட்டதற்கு! காது கொடுத்துக் கேட்டவர்களுக்கோ வித்தியாசமே தெரியவில்லை. பல ஆண்டு காலக் கடை வாசல் தத்துவம் ஒரு கட்டுரையில் காலி. ஆனாலும் கடைகளில் இன்றைக்கும் அதே பாட்டுத்தான். காரணம் எளிது. 'இது ஒட்டு இல்லாதது' என்று ஒரு வரியில் சொல்லி விற்கலாம். 'இதில் ஒட்டு சுத்தமாக உட்கார்ந்திருக்கிறது' என்று சொல்லி விற்க, விற்கிறவருக்கும் விஷயம் தெரிய வேண்டும், வாங்குகிறவருக்கும் தெரிய வேண்டும்.

துவாக்குடிப் பக்கம் எனக்குத் தெரிந்த இன்ஜினீயரிங் பையன் ஒருவன் சொந்தமாகக் கிடார் செய்துகொண்டிருக்கிறான். பழைய தேக்குக் கதவு ஒன்றை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு, பேப்பரில் படமெல்லாம் போட்டிருந்தான். நெக்-த்ரூ. "ஏம்ப்பா, முதல் கிடாரே இப்படியா?" என்றேன். நாதம், அதிர்வு, மரத்தின் ரேகை என்று பத்து நிமிஷம் பேசினான். கடைசியில் டீ வந்த பிறகு உண்மை வெளியே வந்தது. "அண்ணா, பாக்கெட் வெட்டுறதுக்குப் பயமா இருக்கு. கோணலாப் போச்சுன்னா?"

அவன் பயம் நியாயமானது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒட்டு என்பது சுலபமான வேலை இல்லை. இது கணக்கு என்பதால் நானே போட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு மெட்டுள்ள சாதாரண ஃபெண்டர் அளவுக் கிடாரில் தந்தி நீளம் இருபத்தைந்தரை அங்குலம். விரல் பலகை முடிகிற இடத்திலிருந்து குதிரை வரை சுமார் 18 சென்டிமீட்டர். பள்ளத்தின் அடித்தளம் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால், குதிரைக்கு வரும்போது 3 மில்லிமீட்டர் தப்பு. நடு மெட்டில் தந்திக்கும் மெட்டுக்கும் இருக்க வேண்டிய இடைவெளியே 2 மில்லிமீட்டருக்குள்தான். அதாவது ஒரு டிகிரி தப்பினால் வாசிக்கவே முடியாது. பள்ளத்தின் ஓரத்தில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினாலே, குதிரைப் பக்கம் முக்கால் மில்லிமீட்டர் மாறும். ரிப்பேர்காரர்கள் இன்றைக்கும் இதைச் செய்கிறார்கள். ஃபெண்டர் கிடாரைக் கழற்றினால் உள்ளே அட்டைத் துண்டு இருப்பது அதிசயம் இல்லை.

உடம்பு 45 மில்லிமீட்டர் கனம் என்றால் பள்ளம் சுமார் 16 மில்லிமீட்டர் ஆழம். கழுத்து கையால் அழுத்தினால் உட்கார வேண்டும், தூக்கினால் உடம்பும் கூடவே வர வேண்டும். பள்ளத்துக்குள் பெயிண்ட் இருக்கக் கூடாது, மரமும் மரமும் தொட வேண்டும். இன்னொன்று, பல பேர் கோட்டை விடுகிற இடம்: உடம்பில் போடுகிற ஓட்டை ஸ்க்ரூவுக்குக் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். மரை கழுத்து மரத்தில் மட்டும்தான் கடிக்க வேண்டும். இரண்டு மரத்திலும் கடித்தால், எவ்வளவு முடுக்கினாலும் நடுவில் இருக்கிற இடைவெளி அப்படியே நிற்கும். வெளியே பார்த்தால் கச்சிதம், உள்ளே காற்று. ஆறு தந்தியும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுக்கிறது. இரண்டு சிப்பம் அரிசியைக் கொஞ்சம் குறைவாகக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி, இரவு பகலாக. அந்த இழுப்பில் காற்றின் மேல் உட்கார்ந்த கழுத்து என்ன ஆகும்?

ஃபெண்டர் கம்பெனிக்கே இது நடந்தது. 1965-ல் சி.பி.எஸ். நிறுவனம் ஒரு கோடியே முப்பது லட்சம் டாலர் கொடுத்து ஃபெண்டரை வாங்கியது. 1970-களில் சில மாடல்களில் நாலு ஸ்க்ரூவை மூன்றாக்கினார்கள். பள்ளத்தையும் தொளதொளவென்று வெட்ட ஆரம்பித்தார்கள். கழுத்து பக்கவாட்டில் நகர்ந்தது, கெட்ட பேர் வந்தது. ஜனங்கள் மூன்று ஸ்க்ரூவைத் திட்டினார்கள். திட்டியிருக்க வேண்டியது தொளதொளத்த பள்ளத்தை. கணக்குப் பிள்ளையிடமிருந்து கம்பெனி பெரிய கணக்குப் பிள்ளைகளிடம் போனால் இப்படித்தான் ஆகும் என்று என் ஜாதிக்காரர்களையும் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன்.

ஆக, ஒட்டு இல்லாமல் செய்வது பல சமயம் ஒட்டுக்குப் பயந்துதான். அதைப் பெரிய தத்துவமாக விற்க வேண்டாம் என்கிறேன்.

இப்போது வீணைக்கு வருகிறேன். இங்கேதான் விஷயம் கிடாரைவிடச் சங்கடமானது.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பதினேழாம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் இருபத்து நாலு மெட்டோடு இந்த உருவம் நிலைபெற்றது என்று சொல்வார்கள். பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரம்தான் இதற்குப் பேர் போனது. ஏகாந்த வீணை செய்ய என்ன வேண்டும், யோசித்துப் பாருங்கள். குடம் ஓர் அடிக்கு மேல் அகலம். தண்டி ஒரு சாண்கூட இல்லை. ஆனால் இரண்டும் ஒரே கட்டையில் வர வேண்டும். அப்படியென்றால் குடத்தின் அகலத்துக்கு, நாலு அடிக்கு மேல் நீளமாக, முடிச்சு இல்லாத, வெடிப்பு இல்லாத ஒரு மரம் வேண்டும். தண்டிப் பக்கம் முக்கால்வாசி மரத்தைச் செதுக்கித் தள்ள வேண்டும். அது விறகு. காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதற்கு 'நார்மல் லாஸ்' என்று பெயர் வைத்து விலையில் சேர்த்துவிடுவோம். நீங்கள் ஏகாந்தத்துக்குக் கொடுக்கிற கூடுதல் பணத்தில் ஒரு பகுதி, சத்தியமாக, அந்த விறகுக்கு.

நல்ல சுற்றளவுள்ள பழைய பலா கிடைப்பதில்லை என்று தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்கள் வருடக்கணக்காகப் புலம்புகிறார்கள். பலா மரம் புலம்பலைக் கேட்டு வளராது. அதே ஒரு மரத்தில் குடத்துக்குக் குடம், தண்டிக்குத் தண்டி என்று பிரித்து வெட்டினால் எத்தனை வீணைக்கு ஆகும்!

ஏகாந்தத்துக்காரர்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். குடமும் தண்டியும் சேருகிற இடத்தில் ஒட்டு விட்டுப்போன வீணைகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் மரம் சுருங்குகிறது, ஐப்பசி மழையில் உப்புகிறது, பசை விடுகிறது, தண்டி முன்னால் சாய்கிறது, மேல் ஸ்தாயியில் தந்தி மெட்டை விட்டு எழும்பிவிடுகிறது. பயந்துபோய்த்தான் ஒரே மரம் கேட்கிறார்கள். அனுபவித்தவர்கள் பேச்சு, தள்ளிவிட மாட்டேன். கச்சேரி வித்வான் ஒருவர் என் நாதம் இதில்தான் இருக்கிறது என்று ஏகாந்தம் வாசித்தால், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கேட்பேன்.

ஆனால் ஒரே மரம் வளையாதா? திருச்சி வெயிலுக்கு ஒட்டு வீணை, ஏகாந்த வீணை என்று பாரபட்சம் உண்டா? வீணையின் மெட்டுகளே மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. தேன்மெழுகில் கரி சேர்த்துப் பிசைந்து தண்டியின் இரண்டு பக்கமும் கரை கட்டி, அதன் மேல் இருபத்து நாலு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு வைப்பதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். சில வருடத்துக்கு ஒரு முறை அதைப் பிரித்துத் திரும்பக் கட்டியாக வேண்டும். ஆக, வீணை என்கிற கருவியே 'இது ஒரு நாள் நகரும், நகர்ந்தால் திரும்பச் சரி செய்துகொள்' என்று நினைத்துச் செய்யப்பட்டது. அவ்வளவு புத்தியுள்ள ஒரு கருவியின் மேல், 'எங்கேயும் பிரிக்கவே முடியாதது உசத்தி' என்கிற கொள்கையை யார் ஏற்றி வைத்தது?

பழைய ஆசாரிகள் ஒட்டுக்குப் போட்டது வஜ்ஜிரம். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. அதன் பெருமை, பிடித்தால் பிடிக்கும், சூடும் ஈரமும் காட்டினால் விடும். விடுவதுதான் பெருமை! ஐம்பது வருடம் கழித்து இன்னொரு ஆசாரி சேதமில்லாமல் பிரித்து, சுரண்டிச் சுத்தம் செய்து, திரும்ப ஒட்டலாம். இன்றைக்கு அந்த இடத்தில் கெமிக்கல் பசையைக் கொட்டுகிறார்கள். காலத்துக்கும் விடாது என்கிறார்கள். அதாவது தப்பாக ஒட்டினால் காலத்துக்கும் தப்பாகவே இருக்கும்.

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு வீடு. பாட்டி வாசித்த வீணை பரணில் கிடந்தது. பேத்திக்கு ஆசை வந்து இறக்கினார்கள். ஒட்டு விட்டு, குடத்துக்கும் தண்டிக்கும் நடுவில் ஒரு ரூபாய்க் காசு நுழைகிற இடைவெளி. ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார் அந்தப் பெண்ணின் அப்பா. கடைக்காரர் கையால்கூடத் தொடவில்லையாம். "ஒட்டு வீணை சார் இது. இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட்டு. ஷோ-கேஸ்ல வைங்க, அழகா இருக்கும். பாப்பாவுக்கு ஏகாந்தமா ஒண்ணு எடுத்துருங்க." விலையைக் கேட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வந்து, "பாட்டு கிளாஸ் போதும்டி, வீணை எதுக்கு?" என்றிருக்கிறார். ஒரு வாய்ச்சொல். ஒரு பெண்ணின் வீணை அதோடு முடிந்திருக்கும். மாமி விடவில்லை. மாமியார் வீணையாச்சே. பஸ்ஸில் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போய், விசாரித்து விசாரித்து ஒரு வயசான ஆசாரியைப் பிடித்தார்கள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வஜ்ஜிரம் போட்டது, நல்ல வேலை. நான் பொறந்த வருஷத்துது மாதிரி இருக்கு" என்றாராம். பிரித்தார், சுத்தம் செய்தார், ஒட்டினார், மேளம் கட்டினார். புது ஏகாந்தத்தின் விலையில் ஒரு சின்னப் பின்னம்தான் ஆயிற்று. அந்தப் பெண் இப்போது வர்ணம் வாசிக்கிறாள்.

ஸ்ரீரங்கத்தில், தில்லைநகரில், உறையூரில், இப்படிப் பரணில் படுத்திருக்கிற வீணைகளை எண்ணினால் ஒரு பெரிய ஹால் நிரம்பும் என்று நினைக்கிறேன். எல்லாவற்றுக்கும் யாரோ ஒருத்தர், "ஒட்டுதானே, விடுங்க" என்று மரணச் சான்றிதழ் எழுதியிருப்பார்.

இதை மற்ற ஊர்க்காரன் சொன்னால் மன்னிக்கலாம். திருச்சிக்காரன் சொல்லலாமா? இந்த ஊரே ஒட்டில்தானே சாப்பிடுகிறது! 1960-களில் திருவெறும்பூரில் பி.ஹெச்.இ.எல். வந்த பிறகு, பாய்லர் குழாயை வெல்டிங் செய்து வளர்ந்த ஊர் இது. வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1975-லிருந்து இங்கே இருக்கிறது. சின்ன வெல்டிங் பட்டறை இல்லாத தெரு திருவெறும்பூர்ப் பக்கம் உண்டா? அங்கே யாராவது, "ஒட்டு இல்லாத பாய்லர் குடுங்க" என்று கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: இந்த ஒட்டு சரியாக இருக்கிறதா? எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். சரியில்லையென்றால் அறுத்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். அந்த ஆள் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு மகளுக்கு வீணை வாங்கப் போகும்போது மட்டும் எக்ஸ்ரே புத்தி எங்கே போகிறது?

ஒட்டுப் போடாமல் இமாம்பசந்த் ஏது? கொட்டை போட்டு முளைத்த மரத்தில் அந்த ருசி வரும் என்று எந்தத் தோட்டக்காரரும் உத்தரவாதம் தர மாட்டார். ராஜகோபுரத்தைப் பாருங்கள். நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாக நின்ற கல் அடித்தளத்தின் மேல், நம் காலத்தில் நிலைகளைக் கட்டி, 236 அடிக்கு உயர்த்தி, 1987-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள். அதை யாராவது ஒட்டுக் கோபுரம் என்கிறோமா? 1976-ல் திறந்த காவிரிப் பாலத்தை 2022 செப்டம்பரில் மூடி, 2023 மார்ச்சில் திறந்தார்களே, அந்த ஆறு மாசம் ஓடத்துறைப் பக்கம் சுற்றிச் சுற்றி வந்து நாம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். என்ன செய்தார்கள் அத்தனை நாள்? பாலத்தை இடித்தா கட்டினார்கள்? இணைப்புகளையும் தாங்கிகளையும் மாற்றினார்கள். மாற்ற முடிகிற மாதிரி முதலிலேயே கட்டியிருந்ததால் பாலம் பிழைத்தது.

எனக்கு ஒட்டு வீணை செய்கிறவர்கள் மேலும் ஒரு புகார் உண்டு, அதையும் விட மாட்டேன். ஒட்டை ஏன் மறைக்கிறீர்கள்? குடமும் தண்டியும் சேருகிற இடத்தைச் சுற்றிப் பட்டை, பூ, கொடி. ஒரு காலத்தில் தந்தத்தில் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக். அலங்காரம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் வாங்க வருகிறவனுக்கு அந்தப் பட்டைக்கு அடியில் மரம் மரத்தைத் தொடுகிறதா, அல்லது பசையும் தூளும் சேர்த்து அடைத்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? மறைக்கிற வரைக்கும் சந்தேகம் இருக்கத்தான் செய்யும். சந்தேகத்தை வைத்துத்தான் ஏகாந்தம் விலை போகிறது. கழுந்தைச் சுத்தமாகச் செதுக்கி, துளையில் கச்சிதமாக இறக்குகிற ஆசாரிக்கும், அரைகுறையாக அடைத்து மேலே பூ ஒட்டுகிறவருக்கும் ஒரே விலை. நல்ல வேலைக்காரன் எத்தனை நாள் தாங்குவான்? அவன் மகன் திருப்பூருக்குப் போய்விடுவான்.

இசைப் பள்ளிகளில் சொல்லிக் கொடுக்கிறவர்களையும் கேட்கிறேன். கல்பித ஸ்வரம் சொல்லித் தருகிறீர்கள், கமகம் சொல்லித் தருகிறீர்கள். வீணையின் ஒட்டு எங்கே இருக்கிறது, அது விட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம், சொல்லித் தரக் கூடாதா? மிருதங்கம் வாசிக்கிற பையனுக்குத் தோல் கிழிவது தெரியும். கரணை ஆறு வருடம் வீணை படித்த பெண்ணுக்குத் தண்டி சாய்ந்தது தெரியவில்லை. தன் கைதான் தப்பு என்று அழுதுகொண்டு சாதகம் பண்ணுகிறாள்.

துவாக்குடிப் பையன் கடைசியில் நெக்-த்ரூ படத்தைக் கிழித்துப் போட்டான். கதவுத் தேக்கின் மிச்சத் துண்டுகளில் பாக்கெட் வெட்டிப் பழகினான். முதல் நாலு துண்டும் கோணல். ஐந்தாவதில் கழுத்தை உட்கார வைத்து, கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். ஒரு ஸ்க்ரூகூடப் போடவில்லை, துண்டும் கூடவே வந்தது. போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். கிடார் இன்னும் முடியவில்லை, தந்தி வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறான்.

வருகிற விஜயதசமிக்கு வீணை வாங்கப் போகிறவர்கள் தஞ்சாவூருக்கே போங்கள். கடையில் பளபளவென்று முடிந்ததைப் பார்க்காதீர்கள். பட்டறையில் பட்டை ஒட்டுவதற்கு முன்னால் இருக்கிற ஒட்டு வீணையைக் காட்டச் சொல்லுங்கள். சேருகிற இடத்தில் ஒரு விசிட்டிங் கார்டை வைத்துத் தள்ளிப் பாருங்கள். நுழைந்தால் அடுத்த பட்டறை. குடத்துப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டி நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். என்ன பசை என்று கேளுங்கள், இருபது வருடம் கழித்துப் பிரிக்க வருமா என்று கேளுங்கள். இத்தனையும் கேட்ட பிறகு ஆசாரி எரிச்சல்பட்டால் கிளம்பி வந்துவிடுங்கள். சிரித்துக்கொண்டே உள்ளே கூப்பிட்டு, கழுந்தை உருவிக் காட்டினார் என்றால், பேரம் பேசாமல் அவர் சொல்கிற காசைக் கொடுங்கள்.